கைல் ஃபீல்டில் பார்வையாளருக்கும் வேலை உண்டு

அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாநிலத்தில் காலேஜ் ஸ்டேஷன் என்ற ஊரில் சனிக்கிழமை காலை பால் வாங்கக் கிளம்புவதென்றால்கூட முதலில் ஆட்ட அட்டவணையைப் பார்த்துவிட வேண்டும். உள்ளூரில் ஆட்டம் உண்டு என்றால் வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் பால், ரொட்டி, பெட்ரோல் எல்லாம் வாங்கி முடித்து, வண்டியை வீட்டு வாசலிலேயே விட்டுவிடுவது நல்லது. ஊரின் மக்கள்தொகை ஏறத்தாழ 1,20,000. இங்குள்ள பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து மைதானமான கைல் ஃபீல்டில் இருக்கைகள் மட்டும் 1,02,733. டிக்கெட் இல்லாமல், மைதானத்துக்கு வெளியே கூடாரம் போட்டு, டிவி வைத்துப் பார்க்க வரும் கூட்டம் தனி. ஹூஸ்டனிலிருந்தும் டாலஸிலிருந்தும் வரும் சாலைகளில் அன்றைக்கு ஊர்ந்துதான் போக வேண்டும்.

2024 இலையுதிர் பருவத்தில் டெக்ஸாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்துக்கு வருகை ஆய்வாளராகப் போயிருந்தேன். மண் ஆய்வு என் தொழில். விளையாட்டு என்றால் கிரிக்கெட் ஸ்கோர் கேட்பதோடு சரி. ஆகஸ்ட் கடைசியில் பருவம் தொடங்கியதுமே துறையில் பேச்சே மாறிவிட்டது. வெள்ளி மதியத்துக்கு மேல் யாரும் மீட்டிங் வைப்பதில்லை. படியேறும்போது எதிர்ப்படும் ஆள் "ஹௌடி" சொன்ன கையோடு "நாளைக்கு எங்கே உட்காருகிறீர்கள்?" என்று கேட்கிறார். எங்கள் ஆய்வகத்தில் முனைவர் பட்டத்துக்குப் படிக்கும் மதுரைக்காரத் தம்பி நான் போன வாரமே சொல்லிவிட்டார்: "அண்ணே, இங்க வந்துட்டு மேட்ச் பாக்காமப் போனீங்கன்னா, ஊருக்கு வந்த கணக்கே இல்ல."

நம்மவர்களில் பலர், படிக்க வந்தவர்களும் பிள்ளைகளைப் பார்க்க வந்த பெற்றோரும், இந்த ஆட்டத்தைப் பற்றி ஒரே குறையைத்தான் சொல்கிறார்கள்: ஒன்றும் புரியவில்லை, மூன்றரை மணி நேரம் இழுக்கிறது, நடுவில் எதற்கென்றே தெரியாமல் நின்று நின்று போகிறது. யூடியூபில் விதிகளைப் பார்த்துவிட்டுப் போனாலும் இந்தக் குறை தீராது. என் அனுபவத்தில், விதியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். பார்வையாளர் என்ன செய்ய வேண்டும் என்பதை முதலில் கேட்டுக்கொண்டு போனால் ஆட்டம் தானாகப் பிடிபடும். ஏனென்றால் இந்தப் பல்கலைக்கழகத்தில் பார்வையாளருக்கு வேடிக்கை பார்ப்பது வேலையில்லை. அவர் அணியின் கணக்கில் சேர்த்தி.

அதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. 1922 ஜனவரி 2 அன்று டாலஸில் சென்டர் காலேஜ் அணியோடு ஆட்டம். ஏ அண்ட் எம் வீரர்கள் ஒருவர் பின் ஒருவராக அடிபட்டு வெளியேற, மாற்று ஆட்கள் தீர்ந்துபோகும் நிலை. பயிற்சியாளர் டானா பைபிளுக்கு ஈ. கிங் கில் என்ற மாணவரின் நினைவு வந்தது. கில் முன்பு கால்பந்து அணியில் இருந்து கூடைப்பந்துக்கு மாறியவர். அன்று மேலே பத்திரிகையாளர்களோடு உட்கார்ந்து, ஆடுகிறவர் யார் யாரென்று அவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். கூப்பிட்டதும் இறங்கி வந்து, அடிபட்ட ஒருவரின் சீருடையை மாட்டிக்கொண்டு, ஆட்டம் முடியும்வரை ஓரத்தில் தயாராக நின்றார். ஏ அண்ட் எம் 22–14 என்று ஜெயித்தது. கில் ஒரு முறைகூடக் களத்தில் இறங்கவில்லை. இறங்காத அந்த மனிதருக்கு இன்றைக்கு மைதான வாசலில் சிலை நிற்கிறது. களத்தில் 11 பேர், பன்னிரண்டாவது ஆள் நாங்கள் என்று சொல்லி மாணவர்கள் ஆட்டம் முழுவதும் நின்றுகொண்டே இருக்கிறார்கள். அந்தப் 'பன்னிரண்டாவது ஆள்' என்ற பெயரைப் பல்கலைக்கழகம் 1990இல் வணிகச் சின்னமாகவே பதிவு செய்துகொண்டது. 2006இல் அதே பெயரைப் பயன்படுத்திய சியாட்டில் சீஹாக்ஸ் என்ற தொழில்முறை அணி மேல் வழக்குப் போட்டு, பிறகு சமரசமானது. தியாகக் கதைக்கும் பதிவுரிமை வாங்கிவிடும் நாடு இது.

ஆட்டத்தைப் பற்றி இவ்வளவு தெரிந்தால் போதும். ஒரு அணிக்கு நான்கு வாய்ப்பு. அதற்குள் பந்தைப் பத்து கஜம் முன்னே கொண்டுபோக வேண்டும். போய்விட்டால் மறுபடியும் நான்கு வாய்ப்பு, இல்லையென்றால் பந்து எதிரணிக்கு. எல்லை தாண்டினால் டச்டவுன், ஆறு புள்ளி. அதன் பின் கம்பத்துக்கு நடுவே உதைத்தால் கூடுதலாக ஒன்று. தூரத்திலிருந்தே உதைத்து உள்ளே போட்டால் மூன்று. இதைச் சாக்கர் போல ஓடிக்கொண்டே இருக்கும் ஆட்டம் என்று எதிர்பார்த்தால் எரிச்சல்தான் வரும். கபடி மாதிரி பாருங்கள்: ஒருவர் பாடிக்கொண்டு போகிறார், பிடிபடுகிறார் அல்லது தப்புகிறார், எல்லோரும் திரும்பி வந்து நிற்கிறார்கள், அடுத்த ஆள். ஒவ்வொரு முறையும் ஐந்தாறு விநாடிதான் உண்மையான ஆட்டம். நடுவில் ஒருவர் சிவப்புத் தொப்பியோடு ஓரத்திலிருந்து உள்ளே வந்து நின்றால் டிவியில் விளம்பரம் ஓடுகிறது என்று பொருள். அவர் வெளியே போகும்வரை இருபத்திரண்டு வீரர்களும் ஒரு லட்சம் பேரும் சும்மா நிற்க வேண்டும். கழிப்பறைக்குப் போக வேண்டியவர்கள் அவரைப் பார்த்து நேரம் குறித்துக்கொள்ளலாம்.

டெயில்கேட் என்ற சங்கதிக்கு வருகிறேன். ஆட்டத்துக்கு முன்னால் மைதானத்தைச் சுற்றிக் கூடாரம் போட்டுச் சமைத்துச் சாப்பிடுவது. எங்கள் பக்கத்து வீட்டில் ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர் ஒருவர், இதே பல்கலைக்கழகத்தில் படித்தவர். வலது கையில் அந்தக் கல்லூரி மோதிரம் எப்போதும் இருக்கும். அக்டோபர் 5, மிசௌரி அணியோடு ஆட்டம் இருந்த வாரம், அவருடைய மனைவி பேரக் குழந்தையைப் பார்க்கப் போக வேண்டியிருந்ததால் ஒரு டிக்கெட் மிஞ்சியது. என்னைக் கூப்பிட்டார். காலை 11 மணிக்கு ஆட்டம். "அப்போ ஆறரைக்குக் கிளம்பணும்" என்றார் சாதாரணமாக.

ஆறரைக்குப் போனால் எங்களுக்கு முன்பே ஊர் கூடியிருந்தது. ஜெனரேட்டர் ஓடுகிறது, மேசைமேல் டிவி, இரும்புப் பீப்பாய் மாதிரி ஒரு சூளையில் மாட்டு நெஞ்சுக்கறி முதல் நாள் இரவே ஏற்றியது. அதைக் காவல் காத்தவர் தூங்கவே இல்லையாம். மேலே ஏற்றிய கறியைப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் ஓக் விறகுப் புகையில் வைத்திருக்கிறார்கள். கத்தியால் வெட்டினால் ஓரத்தில் கட்டைவிரல் நகம் அளவுக்குச் சிவப்பு வளையம் தெரிகிறது. அந்த வளையத்தைக் காட்டித்தான் பெருமை பேசுகிறார்கள். நான் மாட்டிறைச்சி சாப்பிடுவதில்லை என்றதும் ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. முட்டையும் உருளைக்கிழங்கும் வைத்த டாக்கோ வந்தது. சைவக்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை: பாத்திரத்தில் பீன்ஸ் இருந்தால் அதில் பன்றிக்கறி போட்டிருக்க நிறையவே வாய்ப்பு உண்டு. சுட்ட சோளம், சோள ரொட்டி, பழம் இவைதான் நம்பிக்கையானவை. கேட்டுச் சாப்பிடுங்கள். கேட்டால் சந்தோஷமாகச் சொல்கிறார்கள்.

வெறுங்கையோடு போகக் கூடாது என்று தம்பி முன்பே சொல்லியிருந்தார். ஹூஸ்டன் ஹில்கிராஃப்ட் கடைகளில் வாங்கி வைத்திருந்த கை முறுக்கு இரண்டு பாக்கெட்டைக் கொண்டுபோனேன். பீர் குடிக்கிறவர்களுக்கு நடுவே முறுக்குக்கு இருக்கும் மரியாதையைச் சொல்ல வேண்டுமா? அரை மணியில் காலி. சூடாக வைக்க வேண்டியது, குழம்பு, கரண்டி தேவைப்படுவது எதையும் கொண்டுபோகாதீர்கள். நின்றுகொண்டே ஒரு கையால் தின்ன முடிகிறதாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். முன்பின் தெரியாத கூடாரத்திலும் "முதல் ஆட்டம், இந்தியாவிலிருந்து வந்திருக்கிறேன்" என்றால் தட்டு நீட்டுகிறார்கள். இந்த விஷயத்தில் டெக்ஸாஸ்காரர்களைக் குறை சொல்லவே முடியாது. கட்சி அரசியல் மட்டும் பேச வேண்டாம்.

பேச்சுவாக்கில் பெரியவர் ஒரு செய்தி சொன்னார். அதன் பிறகுதான் மைதானத்தின் மேல் எனக்கே ஒரு பாசம் வந்தது. கைல் ஃபீல்டு என்ற பெயர் எட்வின் ஜாக்சன் கைல் என்ற தோட்டக்கலைப் பேராசிரியருடையது. 1904இல் விளையாட்டுக்கு இடம் வேண்டும் என்று கேட்டபோது கல்லூரி நிர்வாகம் பணம் தரவில்லை. அவர் தன் விவசாய வேலைக்கென்று ஒதுக்கியிருந்த நிலத்தில் ஒரு பகுதியை வேலி போட்டு வளைத்து, சொந்தக் காசு 650 டாலரைப் போட்டு, பக்கத்து ஊரான பிரையனின் சந்தைத் திடலிலிருந்து கூரை போட்ட பார்வையாளர் மேடையை விலைக்கு வாங்கி வந்தார். மொத்தம் 500 பேர் உட்காரலாம். தக்காளியோ பீச்சோ வளர்ந்திருக்க வேண்டிய மண்ணில் இப்போது லட்சம் பேர். மண்காரன் என்கிற முறையில் எனக்குக் கொஞ்சம் வருத்தமும் உண்டு.

உள்ளே போவதற்கு முன் பை. ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் பைக்குத்தான் அனுமதி, அதுவும் 12 அங்குல நீளம், 12 உயரம், 6 அகலத்துக்குள். உள்ளங்கை அளவு பர்ஸ் ஒன்று வைத்துக்கொள்ளலாம். நம் பெண்கள் மாட்டிக்கொண்டு வரும் தோள் பையும், சாப்பாட்டுப் பையும் வாசலிலேயே திரும்பிவிடும். வண்டி இரண்டு மைல் தள்ளி நிற்கும்போது இது சின்ன விஷயமில்லை. டிக்கெட் செல்போனில்தான். லட்சம் பேர் ஒரே நேரத்தில் போனைத் திறக்கும் வாசலில் இணையம் திணறும், அதனால் வீட்டிலிருந்து கிளம்பும்போதே டிக்கெட்டைப் போனின் வாலட்டில் இறக்கி வைத்துவிடுங்கள்.

பெரியவரின் இருக்கை மேற்குப் பக்கம். உட்கார்ந்ததும் காதருகே குனிந்து ஒரே பாடம் நடத்தினார்: "நம்ம கையில பந்து இருந்தா வாயை மூடிக்கணும். அவங்க கையில இருந்தா தொண்டை கிழியக் கத்தணும். மாத்திச் செஞ்சா பக்கத்துல இருக்கிறவங்க திரும்பிப் பாப்பாங்க." காரணம் எளிது. குவார்ட்டர்பேக், அதாவது பந்தை வாங்கித் தாக்குதலை நடத்தும் வீரர், ஒவ்வொரு வாய்ப்புக்கும் முன் தன் ஆட்களிடம் குரலால் குறிப்புச் சொல்ல வேண்டும். அந்த வருஷத்திலிருந்து ஹெல்மெட்டுக்குள் ரேடியோ வைத்துப் பயிற்சியாளர் பேசலாம் என்று விதி வந்திருந்தது. ஆனால் ஒவ்வொரு வாய்ப்பையும் தொடங்கத் தரும் நேரத்தில் கடைசி 15 விநாடிக்கு அது அணைந்துவிடும். அந்த 15 விநாடியில் ஒரு லட்சம் பேர் கத்தினால் எதிரணியில் யாராவது ஒருவர் குறிப்பைச் சரியாகக் கேட்காமல் முந்திக்கொண்டு அசைந்துவிடுவார். நடுவர் மஞ்சள் துணியை வீசுவார், ஐந்து கஜம் அபராதம். அப்படி ஒரு அபராதம் விழும்போது கூட்டம் டச்டவுனுக்குக் கொடுக்கும் கைதட்டலைத் தனக்குத் தானே கொடுத்துக்கொள்கிறது. இது புரிந்த நிமிஷத்திலிருந்து எனக்குச் சலிப்பே இல்லை. விதிகளில் பாதியை அதன் பிறகு கேள்வி கேட்டே தெரிந்துகொண்டேன். அன்றைக்கு ஏ அண்ட் எம் 41–10 என்று மிசௌரியைத் துவைத்துக் காயப்போட்டது. அக்டோபர் பிறந்தும் வெயில் இறங்கவில்லை. எதிரே கிழக்குப் பக்கம் மாணவர்கள் கடைசிவரை வெயிலைப் பார்த்துக்கொண்டே நின்றார்கள்.

அந்தக் கிழக்குப் பக்கத்துக்கு என்னைக் கூட்டிப்போனது தம்பி. அக்டோபர் 26, எல்.எஸ்.யு. (லூசியானா மாநிலப் பல்கலைக்கழகம்) அணியோடு இரவு ஆட்டம். மாணவர்கள் விளையாட்டுப் பாஸ் வாங்கி வைத்திருந்தாலும் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அந்த வாரம் வரிசையில் நின்று டிக்கெட் எடுக்க வேண்டும். மூத்தவர்களுக்கு முதல் நாள், இளையவர்களுக்கு அடுத்தடுத்த நாள். பெரிய ஆட்டம் என்றால் முந்தின நாளே கூடாரம் போட்டு அங்கேயே படுக்கிறார்கள். மடிக்கணினியில் வீட்டுப்பாடம் ஓடுகிறது, பீட்சா வருகிறது. தம்பியின் கூட்டாளிகள் முறை வைத்து வரிசை காத்தார்கள். எனக்கு விருந்தினர் டிக்கெட்.

வெள்ளி நள்ளிரவு கைல் ஃபீல்டில் கத்தும் பயிற்சி. ஆமாம், நாளைக்கு எப்படிக் கத்துவது என்று பழகுவதற்கு நள்ளிரவில் ஒரு கூட்டம், 1931இலிருந்து நடக்கிறது, கட்டணம் கிடையாது. வெளியூர்க்காரர்களுக்கு நான் முதலில் பரிந்துரைப்பது இதைத்தான். இங்கே சியர்லீடர் பெண்கள் இல்லை. மாணவர்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த ஐந்து யெல் லீடர்கள், மூன்று பேர் இறுதியாண்டு, இரண்டு பேர் அதற்கு முந்தைய ஆண்டு. அவர்கள் கையால் ஒரு சைகை காட்டுவார்கள். முதல் வரிசை அதை அப்படியே செய்து பின்வரிசைக்குக் காட்டும், அது அடுத்த வரிசைக்கு. மேல் தளத்தில் கடைசி வரிசைவரை சைகை போய்ச் சேர்ந்த பிறகு, எல்லோரும் முழங்காலில் கை ஊன்றிக் குனிந்து ஒரே குரலில் கத்துகிறார்கள். இரண்டு முஷ்டியையும் ஒன்றைச் சுற்றி ஒன்று உருட்டினால் "ஃபார்மர்ஸ் ஃபைட்" என்ற கோஷம். 1876இல் விவசாய, இயந்திரக் கல்லூரியாகத் தொடங்கிய இடமல்லவா. நான் நின்ற வரிசையில் முன்னால் இருந்த பெண் ஒவ்வொரு சைகையையும் தலைக்குமேல் தூக்கி எனக்காகவே இரண்டு தடவை காட்டினாள். குனிந்து கத்துவது இடுப்புக்கு ஆகவில்லை. ஆனால் குனிந்தால் குரல் வேறு மாதிரித்தான் வருகிறது. கடைசியில் விளக்கை அணைக்கிறார்கள், ஜோடியாக வந்தவர்கள் முத்தமிட்டுக்கொள்கிறார்கள். தனியாக வந்தவர்கள் செல்போன் வெளிச்சத்தைத் தூக்கிப் பிடித்துத் தாங்கள் தனி என்று தெரிவிக்கலாம். குடும்பத்தோடு போகிறவர்கள் இதை எதிர்பார்த்துப் போங்கள்.

ஆட்டத்திலும் அந்த வழக்கம் தொடர்கிறது: அணி புள்ளி எடுத்தால் ஜோடிகளுக்கு முத்தம். எல்.எஸ்.யு. ஆட்டத்தில் இடைவேளையின்போது நாம் 7–17 என்று பின்தங்கியிருந்தோம். மூன்றாவது கால்பகுதியில் குவார்ட்டர்பேக்கை மாற்றி மார்செல் ரீடை இறக்கினார்கள். அவர் தானே பந்தை எடுத்துக்கொண்டு ஓடி மூன்று டச்டவுன். ஒவ்வொன்றுக்கும் எங்களைச் சுற்றி ஒரே முத்த மழை. "அண்ணே, நாம அப்படியே ஸ்கோர்போர்டைப் பாப்போம்" என்றார் தம்பி. முடிவு 38–23.

அதற்கு நடுவே நடந்த ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. பல்கலைக்கழகத்தின் போர்ப்பாட்டில் ஒரு கட்டத்தில், பக்கத்தில் இருப்பவர் யாராக இருந்தாலும் தோளில் கை போட்டு, காலைக் காலோடு பின்னிக்கொண்டு ஆட வேண்டும். ஒரு வரிசை இடப்பக்கம், அதற்கு அடுத்த வரிசை வலப்பக்கம். என் ஒரு பக்கம் தம்பி, இன்னொரு பக்கம் ராணுவ மாணவர் படையின் காக்கிச் சீருடையில் ஒரு பையன், வியர்வையில் ஊறிய முழங்கை என் கழுத்தில். நாங்கள் இருந்தது மேல் தளம். மூன்றாவது முறை அப்படி ஆடியபோது காலடியில் கான்கிரீட் அசைந்தது. கற்பனை என்று நினைத்தேன். முன் கைப்பிடிக் கம்பியில் யாரோ வைத்திருந்த காகித டம்ளரில் தண்ணீர் இடமும் வலமும் சாய்ந்துகொண்டிருந்தது. "பயப்படாதீங்க சார், அது அப்படி ஆடும்" என்று அந்தப் பையன் மரியாதையாகச் சொன்னான். எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்தால் மொத்த மாடியும் ஆடுவது கண்ணுக்கே தெரியும் என்று பெரியவர் பிறகு சொன்னார். சிறு குழந்தைகளையும் தலைசுற்றல் உள்ளவர்களையும் மேல் தளத்துக்குக் கூட்டிப்போகாதீர்கள். காதுக்குப் பஞ்சோ, கடையில் விற்கும் அடைப்பானோ எல்லோருக்கும் வேண்டும்.

இடைவேளையில் யாரும் எழுந்து போக மாட்டார்கள். நம் வழக்கப்படி அந்த நேரத்தில் பாப்கார்ன் வாங்கக் கிளம்பினால் இழப்பு நமக்குத்தான். மாணவர் படையின் பேண்டு வாத்தியக் குழு, ஏறத்தாழ நானூறு பேர், ஊதிக்கொண்டே ஒருவர் அணிக்குள் ஒருவர் புகுந்து வெளியே வருகிறார்கள். இடிக்காமல் எப்படிப் போகிறார்கள் என்று கடைசிவரை எனக்கு விளங்கவில்லை.

நடுவர் தவறாகத் தீர்ப்புச் சொன்னால் இங்கே கூவி இழிவுபடுத்துவதில்லை, பாம்பு மாதிரி 'உஸ்' என்று சீறுகிறார்கள். மாணவர் மையக் கட்டடத்துக்குள் தொப்பியைக் கழற்ற வேண்டும். அதைச் சுற்றியுள்ள புல்லை மிதிக்கக் கூடாது, போரில் இறந்த மாணவர்களின் நினைவிடம் அது. உடை மெரூன். பல்கலைக்கழகக் கடையில் விற்பதைவிட ஹெச்.இ.பி. போன்ற மளிகைக் கடைகளில் சட்டை மலிவு. செங்கல் ஆரஞ்சு நிறம் ஆஸ்டினில் இருக்கும் எதிரிப் பல்கலைக்கழகத்துக்கு உரியது, எவ்வளவு பிடித்த சட்டையாக இருந்தாலும் அந்த ஊரை விட்டுக் கிளம்பும்வரை பெட்டியிலேயே கிடக்கட்டும்.

ரெவெலி என்ற கோலி (collie) இன நாய்தான் மாணவர் படையில் எல்லோருக்கும் மேல் பதவியில் இருப்பது. நான் பார்த்தது பத்தாவது ரெவெலி. மாணவர்கள் அதை "மிஸ் ரெவ், மேடம்" என்றுதான் கூப்பிட வேண்டும். வகுப்பில் குரைத்தால் வகுப்பைக் கலைத்துவிட வேண்டும் என்பது ஐதீகம். இறந்துபோன ரெவெலிகளை மைதானத்தின் வடக்கு வாசலில் புதைத்திருக்கிறார்கள், ஸ்கோர்போர்டைப் பார்க்கும்படி. பிறகு வடக்குப் பக்கம் கட்டடம் எழும்பி மறைத்துவிட்டதால், அந்தச் சமாதிகளுக்கென்றே வெளியே ஒரு சின்ன ஸ்கோர்போர்டு வைத்தார்கள். ஆட்டம் நடக்கும்போது அங்கே போய்ப் பார்த்தேன். ஆள் நடமாட்டமில்லாத புல்வெளியில் புள்ளிகள் மாறிக்கொண்டிருந்தன. சிரிப்பதா நெகிழ்வதா என்று தெரியாத இடம்.

இவ்வளவையும் ரசித்துவிட்டுப் பணத்தைப் பற்றிப் பேசாமல் இருக்க என்னால் முடியவில்லை. கைல் போட்டது 650 டாலர். 2015இல் முடிந்த புதுப்பித்தலுக்கு ஆன செலவு சுமார் 48.5 கோடி டாலர். 2023 நவம்பரில் ஜிம்போ ஃபிஷர் என்ற தலைமைப் பயிற்சியாளரை ஒப்பந்தம் முடியும் முன்பே அனுப்பியபோது, அவருக்குக் கொடுக்க வேண்டியிருந்த தொகை 7.5 கோடி டாலருக்கு மேல். வேலை செய்வதற்கு இல்லை, செய்யாமல் இருப்பதற்கு. அந்த வாரம் ஆய்வகத்தில் உடைந்த கருவி ஒன்றைச் சரிபார்க்கப் பணம் கேட்டு மனுப் போட்டிருந்ததாகத் தம்பி சொன்னார். பெரியவரிடம் கேட்டால், "அது விளையாட்டு வருமானமும் நன்கொடையும், படிப்புக் காசு இல்லை" என்கிறார். நிர்வாகமும் அதைத்தான் சொன்னது. இருக்கட்டும். லட்சம் பேர் முன் எலும்பு முறிய மோதும் பையன்களுக்கு அந்த வருமானத்தில் பங்கே இல்லாமல் பல பத்தாண்டுகள் ஓடின. தங்கள் பெயரையும் முகத்தையும் விளம்பரத்துக்குக் கொடுத்துச் சம்பாதிக்க 2021 ஜூலையில்தான் வழி பிறந்தது. 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற உடன்பாட்டின்படி கல்லூரிகளே ஆண்டுக்குச் சுமார் 2 கோடி டாலர் வரை வீரர்களுக்குப் பகிர்ந்து கொடுக்கலாம். பழைய மாணவர்கள் பலருக்கு இது பிடிக்கவில்லை, ஆட்டத்தின் தூய்மை போய்விட்டதாம். பயிற்சியாளருக்குக் கோடி கொடுத்தபோது போகாத தூய்மை பையன்களுக்குக் கொடுத்தால் மட்டும் ஏன் போகிறது என்பதற்கு எனக்கு இதுவரை யாரும் பதில் சொல்லவில்லை.

மரபு என்று கண்ணை மூடிக்கொண்டு போனால் எங்கே கொண்டுவிடும் என்பதற்கும் இந்த வளாகத்தில் சாட்சி இருக்கிறது. ஆஸ்டின் அணியோடு ஆட்டத்துக்கு முன்னால் மாணவர்கள் பெரும் சொக்கப்பனை கொளுத்துவது பழைய வழக்கம், வளாகத்தில் முதலில் கொளுத்தியது 1909இல். பின்னாளில் மாணவர்களே மரம் வெட்டி, மாடி மாடியாக அடுக்கினார்கள். 1999 நவம்பர் 18 விடியற்காலை, கட்டிக்கொண்டிருந்தபோதே அடுக்கு சரிந்து 12 பேர் இறந்தார்கள், 27 பேர் காயமடைந்தார்கள். அதோடு வளாகத்தில் கொளுத்துவது நின்றது. நினைவிடத்தில் வட்டமாகப் பன்னிரண்டு வாசல்கள், ஒவ்வொன்றும் இறந்தவரின் சொந்த ஊர் இருக்கும் திசையைப் பார்த்து. ஆட்ட நாளில் போகாமல் சாதாரண வார நாளில் போய் வாருங்கள்.

ஆஸ்டின் அணியோடான ஆட்டம் 2011க்குப் பிறகு நின்றுபோய், நான் இருந்த ஆண்டுதான் மறுபடியும் வந்தது, நவம்பர் 30. டிக்கெட் விலை விமான டிக்கெட் விலைக்குப் போய்விட்டது. நானும் தம்பியும் மைதானத்துக்கு வெளியே பெரியவரின் கூடாரத்தில் டிவியில் பார்த்தோம். உள்ளே எழும் சத்தம் காதுக்கு முதலில் வரும், அது எதற்கென்று டிவி சில விநாடி கழித்துச் சொல்லும். 7–17, தோல்வி. ஜெயித்தால் முதலாண்டு மாணவர் படைப் பிள்ளைகள் யெல் லீடர்களைத் துரத்திப் பிடித்துத் தொட்டித் தண்ணீரில் தூக்கிப் போடுவார்கள். தோற்றால் மாணவர்கள் யாரும் கிளம்பாமல் அங்கேயே நின்று அடுத்த ஆட்டத்துக்குக் கத்திப் பழகுகிறார்கள். வெளியே கூடாரத்தைப் பிரித்துக்கொண்டிருந்த பெரியவர், "நாங்க தோக்கறதில்லை, நேரம்தான் பத்தாமப் போயிடும்" என்று இந்த ஊரின் பழைய வசனத்தைச் சொல்லிக்கொண்டே முளைக் கம்பியைப் பிடுங்கினார்.

போக நினைப்பவர்களுக்கு இன்னும் சில. பெரிய எதிரணி வரும் ஆட்டத்தில் அறை வாடகை இரட்டிப்புக்கு மேல், பல விடுதிகளில் இரண்டு இரவுக்குக் குறைந்து தரவும் மாட்டார்கள். செப்டம்பரிலும் நவம்பரிலும் சின்னக் கல்லூரி அணிகள் வரும் ஆட்டங்கள் இருக்கும். டிக்கெட் மலிவு, சடங்குகள் எல்லாம் அதேதான், வெற்றியும் ஏறக்குறைய உறுதி. முதல் தடவைக்கு அதைத்தான் எடுக்க வேண்டும். ஆட்ட நேரத்தை டிவி நிறுவனம்தான் முடிவு செய்யும், அதனால் சனி முழுவதையும் காலியாக வைத்துவிட்டு டிக்கெட் வாங்குங்கள். முடிந்ததும் வண்டியை எடுக்க ஓடாமல் ஒரு மணி நேரம் கூடாரத்திலேயே உட்கார்ந்துவிட்டுக் கிளம்பினால், ஓடியவர்கள் போன நேரத்துக்கே வீடு போய்ச் சேரலாம். ஊரிலிருந்து அம்மா அப்பா வந்திருந்தால் மாணவர் பகுதி வேண்டாம், மூன்றரை மணி நேரம் அவர்களால் நிற்க முடியாது. மேற்குப் பக்கம், கீழ்த் தளத்தில் பின்வரிசைகள், மேல் தளத்தின் நிழல் விழும் இடமாகப் பார்த்து எடுங்கள். முட்டி வலிக்காரர்களுக்குப் படி ஓரத்து இருக்கை. தம்பியின் அம்மா நவம்பரில் வந்தபோது அப்படித்தான் எடுத்தோம். முதல் கால்பகுதி முழுக்க, "ஏன்டா எல்லாரும் விழுந்து விழுந்து அடிச்சுக்கறாங்க" என்று கேட்டுக்கொண்டிருந்தவர், மூன்றாவதில் எதிரணி கையில் பந்து போனதும் எங்களுக்கு முன்னால் கத்தத் தொடங்கிவிட்டார்.